உள்ளே காவலி, மேற்பரப்பில் கடத்தி

நான் இதை வரிசையாக எழுதவேண்டும். வரிசை பிழைத்தால் பிழை யாருடையது என்பதும் பிழைத்துவிடும். என்னுடையது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதுவும் கடைசியில் வரவேண்டிய விஷயம்.

ஊர்காவற்றுறையில் உள்ள தீவக விஞ்ஞான மேம்பாட்டு நிலையத்தில் பகலில் நான் களஞ்சிய உதவியாளர். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு அதே கட்டடத்தில் பௌதிகவியல் டிப்ளோமா வகுப்பு மாணவி. கனடாவில் இருக்கிறவர்கள் காசு சேர்த்துக் கட்டித் தந்த நிலையம் அது. ஏழு நுணுக்குக்காட்டிகள் இருக்கின்றன. ஏழும் வந்த பொலித்தீன் உறையோடு இருக்கின்றன. மிக நுண்ணிய தடைகளை அளக்கிற கருவி ஒன்று இருக்கிறது. அதன் பெட்டியை யாரும் திறந்ததில்லை.

எங்கள் பணிப்பாளர் சரவணமுத்து சேருக்கு இதில் பெருமை. பார்க்க வருகிறவர்களுக்கு அவர் சொல்லுவார்: "பன்ரெண்டு வருசமா நான் இங்கை ஒரு பொருளையும் பாவிக்க விட்டதில்லை. அதாலைதான் ஒண்டும் பழுதாகேல்லை. இலங்கையிலை இப்பிடி ஒரு விஞ்ஞான நிலையம் வேறை இல்லை."

வருகிறவர்கள் கை தட்டுவார்கள்.

போன வருடம் வைகாசியில் நிலையத்தின் சிற்றூழியர் மேர்வின் அண்ணை சுவர்க் காற்றாடியைத் தொட்டார். அது அவரைத் தூக்கிக் கதிரைகளுக்கு மேல் எறிந்தது. பணிப்பாளர் அன்றே சுற்றறிக்கை விட்டார். நிலையத்தில் உள்ள ஆயிரத்து நூற்று முப்பத்தொன்பது பொருட்களும் சோதிக்கப்பட்டு, மின்னைக் கடத்துபவை 'கடத்தி' என்றும் கடத்தாதவை 'காவலி' என்றும் பொருட்பதிவேட்டில் எழுதப்படவேண்டும். கடத்திக்குச் சிவப்பு ஒட்டி, காவலிக்குப் பச்சை ஒட்டி. காற்றாடி திருத்தப்படவில்லை. அதற்குச் சிவப்பு ஒட்டினோம்.

சோதித்தது நான்தான். மின் ஓடுகிறதா, தடை எவ்வளவு என்று காட்டுகிற பல்மானியோடு ஐந்து வாரம் திரிந்தேன். நிலம் கூட்டுகிற தும்புத்தடியில் சிக்கல் வந்தது. தடி மரம், அதில் தும்பைக் கட்டியிருந்தது கம்பி. ஒரு பொருளுக்கு ஒரு சொல்தான் எழுதலாம் என்று பணிப்பாளர் சொன்னார். அதனால் கம்பியைக் கழற்றி இரண்டு பொருளாகப் பதிந்தேன், மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பது ஆனது. சிவப்புக்கும் பச்சைக்கும் வேறு வேறு இறாக்கைகள் என்பதால், அதன் பிறகு மேர்வின் அண்ணை குனிந்து வெறும் தும்பால் கூட்டினார்.

"உன்ரை புத்தகத்திலை எனக்கு என்ன நிறம், பிள்ளை?" என்று கேட்டார்.

"நீங்கள் பொருள் இல்லை அண்ணை."

"காற்றாடிக்கு அது தெரியேல்லை."

ஆடியில் பிரியவதனி வந்தாள். நாரந்தனையில் என்னோடு பத்து வருடம் ஒரே வாங்கில் இருந்து படித்தவள். அவள் பல்கலைக்கழகம் போனாள், நான் போகவில்லை. ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது அவளுக்கு இரத்தத்தில் நோய் என்று கண்டுபிடித்தார்கள். பயணம் செய்ய ஏலாது என்றதும் ஊருக்கு வந்துவிட்டாள். வரும்போது மருந்துக் குளிசைப் பெட்டி ஒன்றுக்குள் தான் செய்த பளிங்கைக் கொண்டுவந்தாள். பிசுமதும் தெலூரியமும் செலனியமும் சேர்த்து, மூன்று கிழமை உலையில் வைத்து ஆற விட்டு எடுத்தது. நீளம் எட்டு மில்லிமீற்றர். பார்க்க உடைந்த கண்ணாடித் துண்டு மாதிரி, சாம்பல் நிறத்தில் மினுங்கும்.

எனக்கு விளங்கின அளவில் அதன் சங்கதி இதுதான். சாதாரண சூட்டில் அதன் உள்பகுதியும் கொஞ்சம் மின்னைக் கடத்தும். குளிர வைத்தால் உள்ளே ஓட்டம் அடங்கிக்கொண்டு வரும், தடை ஏறும். வேறு பொருளென்றால் ஏறிக்கொண்டே போகும். இதில் ஓரிடத்தில் ஏற்றம் நின்றுவிடும். உள்ளே முழுதாக அடங்கின பிறகும் மேற்பரப்பில் மட்டும் ஓட்டம் நிற்காது. கீறினாலும் அழுக்குப் பிடித்தாலும் அது சுற்றிக்கொண்டு ஓடும். இடத்தியல் காவலி என்று இதற்குப் பெயர்.

அவள் அளக்கவேண்டியது பதினாறு புள்ளிகள். குளிர் கூடக்கூட ஒவ்வொரு நிலையிலும் தடை எவ்வளவு என்று. பதினாறும் வந்தால் கட்டுரை அவளுடைய பெயரை முதலாவதாகப் போட்டு வெளிவரும் என்று அவளுடைய பேராசிரியர் எழுதியிருந்தார். அவளுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. தேவையான கருவி எங்கள் நிலையத்தில் பெட்டிக்குள் இருந்தது. பின்னேர வகுப்புச் செயன்முறை என்று சொல்லி, பெட்டியை மட்டும் பழுதாக்காமல் திறக்க அனுமதி வாங்கினோம்.

வாசலால் வருகிற எதையும் பதியவேண்டும் என்பது விதி. ஒருவரும் கேட்கவில்லை. குளிசைப் பெட்டி ஒருவர் கண்ணிலும் படவில்லை. நானாகத்தான் பதிவேட்டை எடுத்தேன்.

"ஒரு சொல்லு எழுதத்தான் இடம் இருக்கு," என்றேன். "கடத்தியோ, காவலியோ?"

"உள்ளுக்குக் காவலி. மேலுக்குக் கடத்தி."

"ரெண்டிலை ஒண்டைச் சொல்லன், பிரியா."

"ஒண்டைச் சொன்னா அது பொய்யடி."

நான் சின்ன எழுத்தில் நெருக்கி எழுதினேன்: உள்ளே காவலி, மேற்பரப்பில் கடத்தி. பொருள் இலக்கம் 1141. நிலையத்தில் ஒட்டி இல்லாமல் இருந்த ஒரே பொருள் அது.

குளிருக்குத் திரவ நைதரசன் வேண்டும். மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிற உத்தியோகத்தர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதைக் கொள்கலனில் கொண்டுவருவார். விந்துக் குழாய்களைப் பழுதாகாமல் வைத்திருக்க. தன் வேலை முடிந்ததும் மிச்சத்தை எங்கள் குடுவையில் ஊற்றிவிட்டுப் போவார். நான் அதையும் பதிந்தேன். திரவ நைதரசன், இரண்டு லீற்றர். அடுத்த திங்கட்கிழமை பணிப்பாளர் குடுவையை எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு லீற்றர் எங்கை, இந்துஜா?"

"காத்திலை போயிட்டுது, சேர்."

"ஆர் கொண்டு போனது?"

"ஒருத்தரும் இல்லை, சேர். அது ஆவியாகிற சாமான்."

"எந்தப் பக்கம் போனது?"

"எல்லாப் பக்கமும்."

அதையே எழுத்தில் தரச் சொன்னார். தந்தேன். ஒவ்வொரு திங்களும் ஒரு விளக்கக் கடிதம் என்று ஏழு கடிதங்கள் கோவையில் இருக்கின்றன. ஏழிலும் 'எல்லாப் பக்கமும்' என்று இருக்கிறது.

ஒருநாள் கருவி 18.37 காட்ட, நான் 18.4 என்று எழுதிவிட்டேன். பிரியவதனி அந்தக் கிழமை அளவுகள் முழுவதையும் வெட்டினாள். அடுத்த வெள்ளிக்குத் திரும்ப வந்து, முதலில் இருந்து எடுத்தாள். அப்போது அவளுக்கு மாடிப்படி ஏறவும் ஏலாது. மேர்வின் அண்ணை கதிரையோடு தூக்கிக் கொண்டுபோய் மேலே வைத்தார். "அது என்ன சொல்லுதோ அதை எழுது, இந்து. உனக்கு விருப்பமானதை எழுதாதை," என்றாள். கோபமில்லை. மூச்சு வாங்கியதால் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

பதினொரு புள்ளிகள் முடிந்தன. தடை ஏறி ஏறி வந்து, பதினோராவதில் ஏற்றம் குறையத் தொடங்கியது. அவள் வரைபுத்தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துச் சிரித்தாள். மிச்சம் ஐந்துக்கும் பென்சிலால் வெறும் வட்டங்கள் அச்சின் கீழே போட்டு வைத்தாள். அவை எந்த உயரத்துக்குப் போகும் என்று அளந்தபிறகுதான் சொல்லலாம் என்றாள்.

ஐப்பசி பத்தொன்பதாம் திகதி அவள் ஆசுப்பத்திரியில் இறந்தாள்.

நிலையம் அஞ்சலிக் கூட்டம் வைத்தது. பதாகையில் அவளுடைய படம் கடவுச்சீட்டுப் படம் அளவில் இருந்தது. பக்கத்தில் அஞ்சலி செலுத்துகிற பணிப்பாளரின் படம் அரையாள் உயரம். அவர் பேசினார்: "பிரியவதனி அவர்கள் எமது கருவியை மூன்று மாதங்கள் பயன்படுத்தினார். ஒரு கீறல்கூட விழவில்லை. இப்படியொரு பிள்ளையை இழந்துவிட்டோம். அவர் கடைசியாக வந்த அன்று கருவியின் உறையைத் திரும்பப் போட மறந்திருந்தார். அந்த நிலையில் அதைக்கூட நான் பெரிதுபடுத்தவில்லை என்பதைத் தாயாருக்குச் சொல்லிக்கொள்கிறேன்."

தாயார் சறோஜினிதேவி அம்மா முன்வரிசையில் இருந்தா. கூட்டம் முடிய என்னிடம் வந்து வரைபுத்தாளைக் காட்டினா. அதை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்திருந்தா.

"இந்த அஞ்சையும் நீர் செய்வீரோ, பிள்ளை?"

"செய்வன், அம்மா. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் போதும்."

"அவளின்ரை பேர் வருமெல்லோ?"

"முதலாவதா வரும்."

கார்த்திகையில் மழை. மாட்டு உத்தியோகத்தர் மூன்று வெள்ளிக்கிழமை வரவில்லை. மார்கழி பன்னிரண்டாம் திகதி வருகிறேன் என்று தொலைபேசியில் சொன்னார். எட்டாம் திகதி, திங்கட்கிழமை, ஆண்டுப் பொருட்கணக்கெடுப்புச் சபை வந்துவிட்டது.

சபை என்றால் இரண்டு பேர். தலைவர் வின்சன்ற் வேறு கந்தோரில் இருந்து வந்தவர். உறுப்பினர் ஞானசவுந்தரி மிஸ் எழுதுகிறவ. ஆயிரத்து நூற்று நாற்பது பொருட்களையும் ஒட்டியைப் பார்த்துச் சரி போட இரண்டரை நாள் எடுத்தார்கள். நுணுக்குக்காட்டிகளின் பொலித்தீனைத் தடவிப் பார்த்துத் தலைவர் சந்தோசப்பட்டார். புதன்கிழமை மத்தியானம் 1141க்கு வந்தார்கள்.

"இதுக்கு ஒட்டி எங்கை?"

நான் விளக்கினேன். அவர் பல்மானியை வாங்கித் தானே தொட்டுப் பார்த்தார்.

"கடத்துது. சிவப்பு ஒட்டும்."

"குளிர வைச்சா உள்ளே கடத்தாது, சேர்."

"உள்ளே பாக்கிறது எப்பிடி?"

"வெட்டிப் பாக்கலாம். ஆனால் வெட்டின இடம் மேற்பரப்பு ஆகியிடும். அதுவும் கடத்தும்."

"பிறகும் வெட்டினா?"

"அதுவும் மேற்பரப்புத்தான்."

"அப்ப உள் எங்கை இருக்கு?"

"உள்ளே, சேர்."

தலைவர் பல்மானியை என் கையில் திரும்பத் தந்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் பகிடி விடுகிறேனோ என்று நினைத்திருப்பார். நான் சொன்னது சரிதானா என்று எனக்கே ஐமிச்சம் வந்துவிட்டது. ஒரு சிவப்பு ஒட்டியை எடுத்து ஒட்டியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். என் சட்டைப்பையில் ஒட்டித்தாள் இருந்தது. ஒரு பொய்ச் சொல்கூட இல்லை, ஒரு பொய் நிறம்தான். எனக்கு அது தோன்றியது. கை போகவில்லை.

பணிப்பாளரின் அறையில் கூட்டம் நடந்தது. அவர் எழுந்து நின்று பேசினார், கேட்டவர்கள் மூன்று பேர்தான் என்றாலும்.

"உள்ளுக்கு ஒண்டு, வெளிக்கு ஒண்டு. இப்பிடியான பொருளை இந்த நிலையத்திலை வைக்கேலாது. எங்களைப் பாருங்கோ. வெளியாலை பாத்தாலும் ஒண்டும் நடக்கிறேல்லை, உள்ளுக்கு வந்து பாத்தாலும் ஒண்டும் நடக்கிறேல்லை. அதுதான் நேர்மை."

ஞானசவுந்தரி மிஸ் அதைச் சொல்லுக்குச் சொல் எழுதினா.

கணக்கெடுப்பில் ஒரு பொருளுக்கு மூன்று முடிவுதான் உண்டு: பாவனைக்கு உகந்தது, திருத்தத்தக்கது, அழிக்கப்படவேண்டியது. ஒட்டி இல்லாதது பாவனைக்கு உகந்தது ஆகாது. என்ன பழுது என்று தெரியாததால் திருத்தவும் ஏலாது. மிச்சம் ஒன்றுதான்.

"சேர், வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டும் தாங்கோ," என்றேன். "அஞ்சு அளவு. செத்துப்போன பிள்ளையின்ரை வேலை. முடிய நானே கொண்டுவந்து தாறன்."

"எங்கடை காலம் வியாழனோடை முடியுது, தங்கச்சி," என்றார் தலைவர் வின்சன்ற். கெட்ட மனிதர் இல்லை. உண்மையிலேயே கவலைப்பட்டார். "அழிச்ச பிறகு வெள்ளிக்கிழமை அளவும். அதுக்கு நாங்கள் தடை இல்லை."

வியாழன் காலை பத்து மணி. நிலையத்தின் பின்பக்கம், கிணற்றுக்குப் பக்கத்தில் சீமெந்துக் கல். மேர்வின் அண்ணை சுத்தியல் கொண்டுவந்தார். வாடைக்காற்றில் கடதாசிகள் பறக்காமல் ஞானசவுந்தரி மிஸ் முழங்கையால் அமத்திக்கொண்டு விதியை வாசித்தா. அழிக்கப்படும் பொருள், பதிவேட்டில் குறித்த அதன் செயற்பாட்டை இழக்கும்வரை அழிக்கப்படவேண்டும். செயற்பாடு இழந்ததைக் களஞ்சிய உதவியாளர் சோதித்து உறுதிப்படுத்தவேண்டும். செயற்பாடு இழந்தது குப்பை. குப்பைக்குப் பதிவு இல்லை.

பதிவேட்டில் குறித்த செயற்பாடு என்னுடைய கையெழுத்தில் இருந்தது. மேற்பரப்பில் கடத்தி.

முதல் அடி. பளிங்கு இரண்டாகப் பிளந்தது. ஒன்று பெரியது, ஐந்து மில்லிமீற்றர் இருக்கும். அளக்கிற கருவியின் நாலு கம்பியும் பிடிக்க அது தாராளம். தகடு தகடாகப் பிளக்கிற சாதி என்பதால் பிளந்த முகம் பழைய முகத்தைவிட மினுங்கியது. கண்ணாடி மாதிரி. அப்படி ஒரு சுத்தமான மேற்பரப்பு கிடைக்கவேண்டும் என்று பிரியவதனி பல தரம் ஆசைப்பட்டிருக்கிறாள்.

மேர்வின் அண்ணை குனிந்து துண்டுகளை எனக்கு நேரே தள்ளினார். உதடு அசையாமல் சொன்னார்: "இல்லையெண்டு சொல்லு, பிள்ளை. குப்பைக்குள்ளாலை நான் எடுத்துத் தாறன்."

நான் பல்மானியின் இரண்டு முனைகளையும் வைத்தேன். முள் இல்லாத பல்மானி, இலக்கம் காட்டுகிறது. 12.4.

"கடத்துதோ?" என்றார் தலைவர்.

"ஓம், சேர்," என்றேன்.

மேர்வின் அண்ணை என்னைப் பார்க்கவில்லை.

இப்போது இரண்டு துண்டு. பதிவேட்டில் ஒன்றுதான் இருந்தது. பதியாத பொருளை அழிக்க ஏலாது என்று ஞானசவுந்தரி மிஸ் ஞாபகப்படுத்தினா. 1141-அ, 1141-ஆ என்று பதிந்தோம். எதிரே நான் இரண்டு தரம் எழுதினேன், உள்ளே காவலி, மேற்பரப்பில் கடத்தி. இரண்டாம் அடி. ஐந்து துண்டு. பதிந்தோம். தொட்டேன்.

"கடத்துதோ?"

"ஓம்."

மூன்றாம் அடிக்குப் பிறகு பதினாலு துண்டு. எழுத்துகள் அ, ஆ, இ, ஈ என்று போய் ஔ தாண்டி ககர வரிசைக்கு வந்துவிட்டன. பணிப்பாளர் ஒரு கதிரை கொண்டுவரச் சொல்லி இருந்தார். நிலையத்தின் பொருள் எண்ணிக்கை ஒரே காலையில் இவ்வளவு கூடியது இதுதான் முதல் தரம் என்று தலைவருக்குச் சொன்னார். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"தங்கச்சி, உமக்கு வடிவாத் தெரியுமோ, கடத்துதெண்டு?"

அவர் எனக்கு ஒரு வழி விட்டார் என்று இப்போது விளங்குகிறது. அப்போது நான் அதைக் கேள்வி என்று நினைத்தேன். திரும்பத் தொட்டுப் பார்த்தேன்.

"ஓம், சேர். கொஞ்சம் கூடியிருக்கு. ஆனால் கடத்துது."

ஆறாம் அடிக்குப் பிறகு எண்ணவில்லை. மேர்வின் அண்ணை சுத்தியலைத் தூக்காமல், அதன் தலையால் அரைக்கத் தொடங்கினார். சாம்பல் நிற மா. பல்மானியின் முனைகளை அதற்குள் வைத்தேன். மணிகளுக்கு இடையில் காற்று இருந்தது. திரையில் இலக்கம் வரவில்லை. ஒவ்வொரு மணியைச் சுற்றியும் ஓடத்தான் செய்யும். ஆனால் முனையால் ஒரு மணியைத் தொட ஏலாது. பல்மானி என்ன சொன்னதோ அதைச் சொன்னேன்.

"இல்லை, சேர்."

தலைவர் கையெழுத்து வைத்தார். அறிக்கையில் 'களஞ்சிய உதவியாளரின் நேர்மையான ஒத்துழைப்பு' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். மாவைக் காற்று ஏற்கெனவே எடுத்துக்கொண்டு போயிருந்தது. ஆகையால் கூட்ட வேண்டியிருக்கவில்லை.

அன்று பின்னேரம் வகுப்புக்குப் போகாமல் நாரந்தனைக்குப் போனேன். சறோஜினிதேவி அம்மா குசினி மேசைக்குப் பக்கத்தில் என்னை இருத்தினா. நான் நடந்ததை வரிசையாகச் சொன்னேன். எத்தனை அடி, எத்தனை துண்டு, ஒவ்வொரு அளவும் என்ன. அவ முடிந்தபிறகு கேட்டா.

"முதல் அடிக்குப் பிறகு பெரிய துண்டொண்டு இருந்தது எண்டனீர்."

"ஓம், அம்மா."

"அதிலை அவளின்ரை வேலையை முடிச்சிருக்கலாமோ?"

"முடிச்சிருக்கலாம்."

"மேர்வினும் எடுத்துத் தாறன் எண்டவர்."

"ஓம்."

"அப்ப ஒருக்கா இல்லையெண்டு சொல்லியிருக்கலாமே, பிள்ளை."

கோபமாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"பொய் எழுதக்கூடாதெண்டு அவள்தான்..." என்று தொடங்கினேன்.

"கடைசி மாதம் நான் அவளுக்கு ஒவ்வொரு நாளும் பொய் சொன்னனான்," என்றா. "முகம் தெளிஞ்சிருக்கு, இந்தச் சூப்பைக் குடிச்சா எழும்பியிடுவாய் எண்டு. அவளுக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு குடிச்சவள்."

பிறகு எழும்பி, அலுமாரியில் இருந்து வரைபுத்தாளை எடுத்துவந்து மேசையில் விரித்தா. மடிப்புகளைக் கையால் நீவினா. ஒரு பென்சிலும் கொண்டுவந்திருந்தா. அதை எனக்கு நேரே நீட்டினா.

"இந்த அஞ்சும் எங்கை வந்திருக்கும்?"

நான் பென்சிலை வாங்கவில்லை. அவவும் வற்புறுத்தவில்லை. பதினோராவது புள்ளியில் விரலை வைத்தேன். அங்கிருந்து மெல்ல, ஏறாமல் இறங்காமல், ஐந்து வட்டங்களுக்கும் மேலாகத் தாளின் ஓரம்வரை கொண்டுபோனேன்.

அவ பென்சிலை மேசையில் வைத்தா. இன்னொருக்கா, கொஞ்சம் ஆறுதலாகக் கொண்டுபோகச் சொன்னா.